ஒலிம்பிக்கில் மறுபடியும் சாப்ட்பால்... அரவேணு மாணவிகள் ஆட கிரவுண்டு எங்கே?

அரவேணு:
ஒலிம்பிக்கில் இருந்து கழற்றி விடப்பட்ட பெண்கள் சாப்ட்பால், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் மறுபடியும் வருகிறது. மொத்தம் 6 அணிகளுக்குத்தான் இடம். இந்தியா இதுவரை ஒலிம்பிக் சாப்ட்பாலில் கால் வைத்ததே இல்லை. அப்படி இருக்க, அரவேணு, ஜக்கனாரை பக்கம் கல்லூரிக்குப் போகும் பொண்ணுங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. இந்திய பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் போட்டிகளில் பெண்கள் சாப்ட்பாலும் ஒன்று. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் சும்மா 'காலேஜ் டீமில் ஆடினேன்' என்றால் எடுபடாது. பெரிய போட்டிகளில் சாதித்த சான்றிதழ் வேண்டும். அங்கேதான் மலை மாணவி மாட்டிக் கொள்கிறாள்.

ஒரே ஆட்டத்தில் காலி!

அமெரிக்காவில் ஓக்லஹோமா பல்கலைக்கழக பெண்கள் அணி 2023 சீசனில் 62 ஆட்டம் ஆடியது. 61-ல் வெற்றி, ஒன்றில் தோல்வி. கோப்பையும் அவர்களுக்கே. 1972-ல் வந்த ஒரு சட்டம், கல்லூரியில் ஆணுக்கு உள்ள வாய்ப்பு பெண்ணுக்கும் தரணும் என்று சொன்னது. அதில் வளர்ந்த ஆட்டம் இது.

நம்ம ஊர் கல்லூரி போட்டிகளோ பெரும்பாலும் நாக்-அவுட். முதல் ஆட்டத்தில் தோற்றால் பையைத் தூக்கிக்கிட்டு கிளம்ப வேண்டியதுதான். சீசன் முடிந்தது. தப்பைத் திருத்திக் கொள்ள இரண்டாவது ஆட்டமே கிடையாது. நீலகிரி கல்லூரிகள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால், போட்டி என்றால் பெரும்பாலும் மலை இறங்கணும்.

மலை இறங்க மழை விடணுமே? கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் மழை வெளுத்து வாங்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் பலியானதை மக்கள் இன்னும் மறக்கவில்லை. வானம் கறுத்தால் எந்த அப்பா அம்மாவும் பொண்ணை மேட்டுப்பாளையம் ரோட்டில் அனுப்ப யோசிப்பார்கள். அதில் தப்பும் இல்லை.

எங்கும் சரிவு

சாப்ட்பாலில் ஒரு பக்கம் 9 பேர். ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் 60 அடி. பந்து வீசும் இடம் 43 அடி தூரம். மட்டையடிக்கும் இடத்தில் இருந்து எல்லை வேலி சுமார் 220 அடி. இதெல்லாம் சமதளத்தில் வேண்டும். அரவேணுவில் எங்கு பார்த்தாலும் தேயிலைச் சரிவு. ஓங்கி அடித்த பந்து செடிக்குள் போனால், தேடி எடுப்பதற்குள் பனிமூட்டம் இறங்கிவிடும்.

பக்கத்தில் பெரிய மைதானம் என்றால் கோத்தகிரி காந்தி மைதானம். அங்கே பையன்களின் கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் போக மிச்ச நேரம்தான் மாணவிகளுக்கு.

இன்னொரு வேடிக்கை. 2028 ஒலிம்பிக் நடப்பது லாஸ் ஏஞ்சல்சில். சாப்ட்பால் மட்டும் சுமார் 2 ஆயிரம் கி.மீ. தள்ளி ஓக்லஹோமா சிட்டியில். சாப்ட்பாலுக்கென்றே கட்டிய பெரிய ஸ்டேடியம் அங்கே இருப்பதுதான் காரணம். அமெரிக்காவே மைதானம் இருக்கும் இடத்துக்கு ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது.

இங்கே 2 ஆயிரம் கி.மீ. எல்லாம் வேண்டாம். அரவேணுவில் இருந்து கோத்தகிரிக்கு பஸ்சில் கொஞ்ச நேரம்தான். காந்தி மைதானத்தில் வாரத்துக்கு 2 நாள் காலை நேரத்தை மாணவிகளுக்கு என்று ஒதுக்கினால் போதும். நான்கைந்து கல்லூரிகள் தங்களுக்குள் லீக் ஆடினால், மலை இறங்கும் முன்பே ஒவ்வொரு அணிக்கும் ஏழெட்டு ஆட்டம் கையில் இருக்கும். கிளவுஸ், மட்டை செலவை கல்லூரிகள் பங்கு போட்டுக் கொள்ளலாம். மழைக்கு முன்னால், ஆகஸ்டிலேயே தொடங்கணும்.