பலூன் கடைக்காரருக்குத் தெரிந்த சங்கதி

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை இரவில் ஊஞ்சல் உற்சவம் பார்க்கப் போகிறவர்கள் பலூன் சுடும் கடையைக் கடக்காமல் வர முடியாது. பலகை நிறைய பலூன்கள், எதிரே ஒரு மேசை, மேசைமேல் பிடி தேய்ந்த பழைய ஏர்கன். காசு வாங்கியதும் கடைக்காரரே குழலை மடக்கி, குண்டு போட்டு, மூடிக் கையில் தருவார். சுட்டு முடித்த பையன் ஆசை தீராமல் குழலைத் தானே மடக்கி விசையை இழுக்கப் போனால், "தம்பி, வெறுமனே அடிக்காதே" என்று ஒரு கை நீளும். பையன் காசு கொடுக்காமல் சுடப் பார்க்கிறான் என்பதற்காக அவர் தடுப்பதாகத்தான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அந்தத் துப்பாக்கியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இப்போது ஏர்கன் வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். சிலருக்குக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஆசை. பக்கத்துக் கடலூரில் 1999-இல் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிளில் உலகக்கோப்பைத் தங்கங்கள் வென்ற பிறகு, இது நம் பிள்ளைகளுக்கும் ஆகிற காரியம் என்ற நம்பிக்கை வந்திருக்கிறது. அது நல்லது. ஆனால் புதிதாக வாங்கியவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இன்னும் வேகமா அடிக்க என்ன பண்ணணும்?" என்பதாக இருக்கிறது. அவர் கேட்க வேண்டியது வேறு. அடுத்தடுத்த பத்துக் குண்டும் ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் விழுகின்றனவா? பராமரிப்பு, சரிசெய்தல் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

அதற்கு உள்ளே நடப்பது தெரிய வேண்டும். குழலை மடக்கும்போது ஒரு தடித்த ஸ்பிரிங் சுருங்கி, பிஸ்டனோடு பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து, எதிரில் இருக்கும் காற்றை நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா, அதே சங்கதி கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பல மடங்காக நடக்கிறது. நெருக்குண்ட சூடான காற்று குண்டைத் தள்ளுகிறது. பிஸ்டன் தலையில் இருக்கும் வாஷர், அது தோலோ பிளாஸ்டிக்கோ, காற்றைப் பக்கவாட்டில் விடாமல் பிடிக்கிறது. குழல் மடங்கும் மூட்டில் இன்னொரு சின்ன வாஷர் இருக்கிறது.

குழலில் குண்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்? காற்று தடையில்லாமல் ஓடிவிடும். பிஸ்டனுக்கு எதிரே மெத்தை போல நிற்க வேண்டிய காற்று இல்லை. அது நேரே உருளையின் சுவரில் போய் மோதும். வாஷர் நசுங்கும், ஸ்பிரிங் உடையும். கடைக்காரர் கை நீட்டியது இதற்காகத்தான். அவருக்கு அந்த ஸ்பிரிங் ஒரு திருவிழாவின் வருமானம்.

அடுத்தது எண்ணெய். நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் இருக்கிறது. துப்பாக்கிக்கு வேண்டாம். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்து நிற்கிற அதே எண்ணெய் உருளைக்குள்ளும் பிசினாகி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெயை உள்ளே விடுவது அதைவிட மோசம். நெருக்குண்ட காற்றின் சூட்டில் பெட்ரோலிய எண்ணெய் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் நடப்பதும் இதுதான். குழல் வாயில் புகை வரும், 'டப்' என்று வழக்கத்தைவிடப் பெரிய சத்தம் கேட்கும். புது ஆள் இதைப் பார்த்துத் துப்பாக்கிக்குப் பலம் ஏறிவிட்டது என்று மகிழ்வார். உண்மையில் ஸ்பிரிங்கும் வாஷரும் அடிவாங்கிக்கொண்டிருக்கின்றன, குண்டும் கண்ட இடத்துக்குப் போகிறது. புதுத் துப்பாக்கியில் தொழிற்சாலை கிரீஸ் தீரும்வரை முதல் சில குண்டுகளுக்குப் புகை வருவது இயல்பு. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் எண்ணெய் அதிகம் என்று அர்த்தம். பிளாஸ்டிக் வாஷருக்குச் சிலிக்கான் எண்ணெய், அதுவும் எப்போதோ ஒரு சொட்டு. தோல் வாஷர் காயாமல் இருக்க இன்னும் கொஞ்சம் அடிக்கடி. எவ்வளவு என்பதை உங்கள் துப்பாக்கியோடு வந்த கையேடு சொல்லும். மடங்கும் மூட்டுக்கும் வெளி இரும்புக்கும் சாதாரண இயந்திர எண்ணெய் போதும்.

வெளி இரும்பை நம் ஊரில் அலட்சியமாக விட முடியாது. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் உப்பளங்கள், அதைத் தாண்டினால் கடல். அந்தக் காற்றில் ஜன்னல் கம்பியே வருடத்துக்கு ஒரு வர்ணம் கேட்கிறது. போதாததற்குச் சித்திரை வைகாசியில் கை வியர்வை. சுட்டு முடித்ததும் எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு வையுங்கள். விரல் பட்ட இடத்தில்தான் துரு முதலில் பூக்கும். ரெக்சின் உறைக்குள் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், காற்றாட வைப்பதே மேல்.

குழலின் உள்பக்கத்தைத் தினமும் தேய்க்க வேண்டியதில்லை. ஈயக் குண்டு போகும்போதே ஓரளவு துடைத்துக்கொண்டு போகிறது. குறி கெட்டால் மட்டும் மெல்லிய துணித்துண்டைக் கயிற்றில் கட்டி, குண்டு போடும் பக்கத்திலிருந்து முன்பக்கமாக இழுத்தால் போதும். இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்தால் உள்ளே இருக்கும் சுழல்வரிகள் கீறிப்போகும்.

குறி கெடுவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது திருகுகள். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது, அது போய் நின்றதும் முன்னால் உதைக்கிறது. இந்த இரட்டை உதையில் மரக்கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள் மெல்லத் தளரும். வாஷர் போய்விட்டது, குழல் வளைந்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பாருங்கள். இறுக்கினால் போதும், மரம் பிளக்கும் அளவுக்கு வேண்டாம். அதற்குப் பிறகும் வேகம் குறைந்தது போலத் தெரிந்தால் மூட்டு வாஷரைச் சோதிக்கலாம். டிஷ்யூ காகிதத்தில் சின்னத் துண்டைக் கிழித்து மூட்டின்மேல் வைத்து, குண்டு போட்டுப் பாதுகாப்பான இலக்கை நோக்கிச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் காற்று அங்கே கசிகிறது. அந்த வாஷரை மாற்றுவது சின்ன வேலை. ஸ்பிரிங்கை மாற்றுவது அப்படியில்லை. பூட்டிய நிலையிலேயே அது ஓரளவு அமுங்கி இருக்கிறது. அதற்கான பிடிகருவி இல்லாமல் பின்மூடியைக் கழற்றினால் முகத்துக்கு நேரே பாயும். தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

குறியைச் சரிசெய்யும்போது பொறுமை தேவை. மணல் நிரப்பிய சாக்கின் முன்னால் காகிதத்தை ஒட்டி, 10 மீட்டரில் நின்று ஐந்து குண்டு சுடுங்கள். கருங்கல் சுவரை இலக்காக வைக்காதீர்கள், குண்டு தெறித்துத் திரும்பும், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து துளைகளுக்கும் நடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தனியாக விலகிப்போன ஒன்றைப் பார்த்துக் குறித் திருகைத் தொடாதீர்கள். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின்குறியை நகர்த்த வேண்டும். வலப்பக்கம் வேண்டுமென்றால் வலப்பக்கம், மேலே வேண்டுமென்றால் மேலே. முன்குறியை நகர்த்துவதென்றால் இதற்கு நேர் எதிர்.

துளைகள் ஒன்றுகூடாமல் சிதறினால் குறியில் தப்பில்லை, பிடியைப் பாருங்கள். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே ஸ்பிரிங் துப்பாக்கி குதிக்கத் தொடங்கிவிடுகிறது. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் வேறுமாதிரி குதிக்கும். கிணற்றுச் சுவரில் சாய்த்துச் சுட்டால் இன்னும் மோசம். திறந்த உள்ளங்கையில் தளர்வாகத் தாங்கி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தாங்கிச் சுட்டுப் பாருங்கள். திருகைத் தொடாமலே துளைகள் நெருங்கி வரும்.

வேகத்துக்கு வருகிறேன். சாயக்குண்டு சுடும் பெயின்ட்பால் விளையாட்டு இதற்கு நல்ல பாடம். 1981-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் முதல் ஆட்டம் ஆடியவர்கள் கையில் இருந்தது, காட்டு மரங்களிலும் மாடுகளிலும் சாய அடையாளம் போடச் செய்யப்பட்ட கருவி. இன்று திடல்களில் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு கருவியின் வேகத்தையும் அளந்து, நொடிக்கு 300 அடிக்கு மேல் போகாதபடி வேகத் திருகை வைக்கிறார்கள். கோலி சோடாவில் இருக்கும் அதே கரியமில வாயுவில் ஓடும் கருவியாக இருந்தால், வெயில் ஏற ஏற வாயுவின் அழுத்தமும் ஏறும். காலையில் சரியாக இருந்தது நண்பகலில் எல்லையைத் தாண்டும், மறுபடி அளந்து குறைப்பார்கள். அங்கே வேகத் திருகு இருப்பதே எல்லைக்குள் நிறுத்துவதற்குத்தான்.

நமக்கும் ஒரு எல்லை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டியதில்லை. அரை கிராம் குண்டு நொடிக்கு 200 மீட்டரில் போனால் 10 ஜூல். ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறும் என்பதால் வேகம் ஒன்றரை மடங்கானால் 22 ஜூலைத் தாண்டிவிடும். பெரிய ஸ்பிரிங் போட்டு "பவர் ஏத்தித் தர்றேன்" என்று சொல்கிறவர் உங்களை உரிமம் தேவைப்படும் ஆயுதத்தின் சொந்தக்காரராக ஆக்கக்கூடும், உதையும் கூடிக் குறியும் கெடும். காற்றை முன்பே அடைத்து வைக்கும் வகைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு எச்சரிக்கை. உருளையில் உலர்ந்த காற்றைத் தவிர வேறெதையும் அடைக்காதீர்கள். பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதே என்று தோன்றும். அழுத்தமான ஆக்ஸிஜன் எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டால் வெடிக்கும்.

இலக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரக்காணம், வானூர் வட்டாரத்தில் பரந்து கிடக்கும் கழுவேலி ஈரநிலம் 2021-இல் பறவைகள் சரணாலயமானது, 2024-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு நாரையும் உள்ளானும் அங்கே இறங்கும். உரிமம் வேண்டாத துப்பாக்கி என்றால் பறவை சுட அனுமதி என்று சிலர் எண்ணுகிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்னால் அந்த எண்ணம் நிற்காது. ஏர்கன்கள் காட்டுப் பறவைகளைத் தீர்த்துக்கொண்டிருந்த அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் தொடங்கிய இயக்கத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து ஒப்படைத்தார்கள்.

கடைசியாகச் சில எச்சரிக்கைகள். குண்டு போடும்போது மடங்கிய குழலை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்திருங்கள். பிடி நழுவினால் அது விரலை நறுக்கும் வேகத்தில் மூடும். மடக்கிய துப்பாக்கியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள், மணலில் சுட்டுவிட்டு வையுங்கள். குண்டுகள் ஈயம், எடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோற்றில் வைக்கலாம். ஒருமுறை நசுங்கிய குண்டைப் பொறுக்கி மறுபடி போடுவது குழலுக்குக் கேடு. துப்பாக்கி ஒரு அலமாரியில், குண்டு டப்பா இன்னொன்றில். சாவி பிள்ளைகளின் கைக்கு எட்டாத ஆணியில்.