கறை போகவில்லை, தொழலாமா?



நவம்பர் மாத அடைமழையில் ஒரு மாலைப் பொழுது, வத்தேகமயில் எங்கள் வீட்டுக்கு ஒரு தாய் வந்தார். என் மனைவியிடம் ஏதோ சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நெடுநேரம் இருந்துவிட்டு, பையிலிருந்து மகளின் வெள்ளைச் சீருடையை எடுத்தார். பின்பக்கத்தில் உள்ளங்கையளவுக்குத் துணி நைந்து, இரண்டு விரல் நுழையும் ஓட்டை விழுந்திருந்தது. மாதவிடாய்க் கறையைப் போக்க முதலில் கொதிநீரில் ஊறவைத்தாராம். போகவில்லை. குளோரின் ஊற்றினாராம். அதுவும் போதாதென்று குளோரினோடு சேர்த்து அவித்தும் பார்த்தாராம்.

"உடுப்புப் போனாப் போகட்டும், புள்ள மூணு கிழமையா ஸ்கூல்ல லுஹர் தொழுறல்ல. கறை நிக்குதாம், நஜீஸாம்" என்று அவர் அழுததை அடுத்த அறையில் இருந்த நானும் கேட்டேன். மார்க்கம் படித்துக் கொடுக்கும் எனக்கு அது வெட்கமாக இருந்தது. வுழூவின் பர்ளுகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். வெள்ளைச் சீருடை உடுத்தும் பிள்ளைக்கு மிகவும் தேவையான இந்தச் சட்டத்தை வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்கிறோமா?

சகோதரிகளே, நஜீஸ் வேறு, கறை வேறு. இந்தக் கேள்வியை நபி (ஸல்) அவர்களிடமே பெண்கள் நேரில் கேட்டிருக்கிறார்கள். அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அறிவித்து புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஹதீஸின்படி, ஆடையில் மாதவிடாய் இரத்தம் பட்டால் முதலில் சுரண்டி, பிறகு தண்ணீர் விட்டுத் தேய்த்து, அலசி, அதே ஆடையில் தொழலாம். உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) கேட்டபோது குச்சியால் சுரண்டித் தண்ணீராலும் இலந்தை இலையாலும் கழுவச் சொன்னார்கள். இலந்தை இலையைக் கசக்கினால் நுரை வரும். அந்நாளைய சவர்க்காரம் அதுதான். ஒரே ஓர் ஆடை மட்டும் வைத்திருந்த கவ்லா பின்த் யஸார் (ரலி), கழுவியும் அடையாளம் போகாவிட்டால் என்ன செய்வதென்று கேட்டார்கள். தண்ணீரால் கழுவியது போதும், எஞ்சிய அடையாளத்தால் பாதகமில்லை என்ற கருத்தில் பதில் கிடைத்ததாக அபூதாவூதில் இருக்கிறது. இதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ்கலை அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள் என்றாலும் பிக்ஹு நூல்களில் இது பெரிதும் எடுத்தாளப்படுகிறது.

நம் ஷாபிஈ மத்ஹபில் இதை இன்னும் பிரித்துச் சொல்வார்கள். சுரண்டி, தேய்த்து, தேவையென்றால் சவர்க்காரமும் போட்டுக் கழுவிய பின்னும் போக மறுக்கும் நிறம் மட்டும் நின்றால், அல்லது வாடை மட்டும் நின்றால், துணி சுத்தமானதே. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து நின்றால் இன்னும் கழுவ வேண்டும். அந்தப் பிள்ளையின் சீருடையில் வாடை இருக்கவில்லை. மங்கிய மஞ்சள் நிறம் மட்டுமே இருந்தது. முதல் நாளே அதை உடுத்துத் தொழுதிருக்கலாம். மூன்று கிழமைத் தொழுகைகளைக் களாச் செய்யும்படி பக்குவமாகச் சொல்லச் சொன்னேன்.

இனி கழுவும் விதத்துக்கு வருவோம். அந்தத் தாய் செய்த முதற் பிழை கொதிநீர். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவது போலவே இரத்தமும் சூடு பட்டால் நூலிழையோடு இறுகிவிடும். காய்ந்திருந்தால் சுரண்டி உதிர்த்துவிட்டு, துணியின் உட்பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீரை ஊற்றுங்கள். எங்கள் மலைநாட்டுக் குழாய்த் தண்ணீரின் குளிர் இதற்கு வாய்ப்பானது. பிறகு உப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்துச் சவர்க்காரம் போடலாம். வெள்ளைப் பருத்தித் துணியில் அதற்கும் நின்றால், பாமசியில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைச் சில துளிகள் விடுங்கள். பொங்கி நுரைக்கும், உடனே அலசிவிடுங்கள். நிறத்துணிக்கு வேண்டாம், சாயம் வெளிறக்கூடும்.

ஊற்றச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரத்தம் பட்ட துணியை அப்படியே வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால், அந்தத் தண்ணீர் இரண்டு குல்லத் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 200 லீட்டருக்குக் குறைவானது என்பதால், தண்ணீரும் கூட ஊறும் மற்ற உடுப்புகளும் நஜீஸாகிவிடும். முதலில் ஊற்றிக் கழுவி, பிறகு ஊறப்போடுங்கள். வாஷிங் மெஷின் வைத்திருப்போருக்கும் இதையே சொல்வேன்.

குளோரினைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதனோடு தேசிக்காய், வினாகிரி போன்ற புளிப்பான எதையும் கலக்காதீர்கள். கிளம்பும் நச்சுவாயு நெஞ்சை அடைக்கும். கதவடைத்த குளியலறையில் உயிருக்கே ஆபத்து. துருக்கறைக்கு அதைப் போட்டால் கறை இன்னும் பலமாகப் பிடிக்கும். கம்பிக் கொடியில் ஈரத்துணி காயப்போட்டு வரும் துருவுக்குத் தேசிப்புளியும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசினாலே போதும். குளோரின் அதற்கு முன் பட்டிருந்தால் நன்றாக அலசிய பிறகுதான் தேசிக்காய்.

பெருநாள் பிரியாணியின் மஞ்சள் கறை சவர்க்காரம் பட்டதும் சிவந்துவிடும். பயந்து மேலும் மேலும் தேய்ப்பார்கள். தேவையில்லை. மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்கு நிற்காது. எண்ணெய் போகக் கழுவி இரண்டு மூன்று நாள் வெயிலில் போடுங்கள். ஆனால் வெயிலுக்கு நாங்கள் எங்கே போவது என்று வத்தேகமப் பெண்கள் கேட்பது நியாயம்தான்! ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை பிடித்தால் முஸல்லாவில்கூடப் பூஞ்சணம் பூக்கும். ஈரம் முழுதாகப் போகுமுன் எதையும் மடித்து வைக்காதீர்கள். பூத்துவிட்டால் வெளியே கொண்டுபோய்த் தட்டித் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். வெயில் எறிக்கும் காலைநேரத்தைத் தவறவிடாதீர்கள்.

பலாக்காய் வெட்டும்போது படும் பால் தண்ணீருக்கு அசையாது. தேங்காயெண்ணெய் தேய்த்து இளக்கி, பிறகு எண்ணெய்க்குச் சவர்க்காரம் போடுங்கள். வாழைக்கறைக்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை. கறுத்துப்போன பிறகு எதற்கும் அது மசிவதில்லை. வாழைக்குலை வெட்டப் போகும் பிள்ளைக்குப் பழைய சாறனொன்றைக் கொடுத்தனுப்புங்கள்.

அந்தச் சீருடையின் ஓட்டைக்கு என் மனைவி உட்பக்கம் வெள்ளைத் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார். பிள்ளை மறுநாள் அதை உடுத்திக்கொண்டே லுஹர் தொழுததாகத் தாய் பிறகு வந்து சொன்னார்.