எலியின் மீசையும் இழந்த கையும்

சென்ற மாரியில், நாவற்குடாவில் மின்சாரம் தடைப்பட்ட ஓர் இரவு, அடுக்களையிலிருந்த நெல் மூட்டையை நாடி எலியொன்று வந்தது. அரிக்கன் லாம்பு கையிலிருந்தும் நாம் வாசற்படியில் இடறினோம். அதுவோ இருட்டில், மீசையை முன்னும் பின்னும் அசைத்தவாறே, குடத்தில் முட்டாமல், உலக்கையில் மோதாமல், சுவரோரமாக ஓடி மறைந்தது.

எலிக்கு மீசை வெறும் அழகுக்காக அமைந்ததன்று. அதுவே அதன் விரல். விநாடிக்கு 8 முறை அளவில் அம்மயிர்களை வீசி வீசி, எதிர்ப்படும் பொருளின் தூரத்தையும் வடிவையும் அது அறிந்துகொள்கிறது. மயிருக்கு உணர்ச்சி இல்லை. அதன் வேரைச் சூழ்ந்துள்ள நரம்பு நுனிகளே அசைவை உணர்கின்றன. அச்செய்தியை ஏந்திச் செல்வது ஐந்தாம் மூளை நரம்பு. நமக்குப் பல்வலியை அறிவிப்பதும் இந்நரம்பே. அஞ்சற்பை கைமாறிச் செல்வதுபோல், செய்தி முதலில் மூளைத்தண்டை அடைகிறது. அங்கிருந்து மறுபக்கத்துக்குக் கடந்து, தலமசு என்னும் நடு நிலையத்தை எய்துகிறது. பின்னர் மூளையின் மேற்பட்டையைச் சேர்கிறது. ஆகவே, இடப்பக்க மீசை தொட்டதை வலப்பக்க மூளை அறிகிறது.

1970ஆம் ஆண்டில் வூல்சி, வான் டெர் லூஸ் என்னும் அறிஞர் இருவர், சுண்டெலியின் மூளை மேற்பட்டையில் ஓர் அதிசயத்தைக் கண்டனர். அங்கே உயிரணுக்கள் சிறு சிறு பீப்பாய்களைப் போலத் திரண்டு வரிசையாக நின்றன. முகத்தில் மீசை மயிர்கள் ஐந்து வரிசை. மூளையிலும் பீப்பாய்கள் ஐந்து வரிசை. ஒரு மயிருக்கு ஒரு பீப்பாய். முகத்தில் அயலாக நின்றவை மூளையிலும் அயலாகவே நின்றன.

1973இல் அவர்கள் இன்னொன்றையும் காட்டினர். பிறந்து சில நாட்களேயான குட்டியின் மீசை வேரைச் சிதைத்துவிட்டால், அதற்குரிய பீப்பாய் செவ்வனே உருவாவதில்லை. வேலியில்லாத வளவுக்குள் அயலவர் தோட்டம் படர்வதுபோல, பக்கத்துப் பீப்பாய்கள் அவ்விடத்திற் பெருத்துவிடுகின்றன. வளர்ந்த எலியில் இவ்வாறு நிகழ்வதில்லை.

எலியின் கதையை இத்துணை விரித்துரைப்பானேன் என்று வாசகர் வினவலாம். காரணம் உண்டு. போரில் வலக்கையை இழந்த நம் பழைய மாணவர் ஒருவர் ஒருநாள் நம்மிடம் வந்து, “சேர், முகம் வழிக்கும்போது இல்லாத பெருவிரல் கூசுகிறது. வீட்டிற் சொன்னாற் சிரிக்கிறார்கள்” என்றார். நாம் சிரிக்கவில்லை, ஆயினும் நம்பவுமில்லை. மனப்பிரமை என்றெண்ணி, ஏதோ ஆறுதல் கூறி அனுப்பிவிட்டோம்.

நம் மூளையிலும் உடலின் படம் ஒன்று உண்டு. அதிலே கைக்குரிய இடத்தை அடுத்து முகத்துக்குரிய இடம் அமைந்துள்ளது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்காவிற் பேராசிரியரான வி. எஸ். இராமச்சந்திரன், கையிழந்தவரின் கன்னத்தைப் பஞ்சினால் தொட்டுச் சோதித்தார். கன்னத்தில் தொட்டபோது, இல்லாத விரலிலும் தொட்டதாக அவர் உணர்ந்தார். 1992இல் இதனை வெளியிட்ட இராமச்சந்திரன், கையின் செய்தி வராது வெறுமையான இடத்துக்கு முகத்தின் செய்தி பரவியதே காரணம் என்றார். பின்வந்த ஆய்வாளர் சிலர், கை போனபின்னும் மூளையில் அதன் படம் பெரும்பாலும் அழியாதிருக்கிறது என்று காட்டி, அவ்விளக்கத்தோடு மாறுபடுவர். எனினும், அவ்வுணர்வு மெய்யானது என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். இருக்கும் கையைக் கண்ணாடியிற் காட்டி, இழந்த கை அசைவதுபோல் தோன்றச் செய்யும் அவரது எளிய முறையினால் வலி தணிந்தோரும் உளர்.

போர் 2009இல் ஓய்ந்தது; இழந்த உறுப்பின் வலியோ பல இல்லங்களில் இன்னும் ஓயவில்லை. “இல்லாத கால் எப்படி நோகும்?” என்று வீட்டாரே கேட்கும்போது, அவ்வலி இரு மடங்காகின்றது. உறுப்பு போனாலும், அதற்கென மூளையில் அமைந்த இடம் போய்விடுவதில்லை. ஆதலின், அவ்வாறு நோவதாக ஒருவர் கூறினால் அவரை நம்புங்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாமும் அம்மாணவரைத் தேடிச் சென்று, அன்று நம்பாமைக்கு வருந்தி, இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். அவர் நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, “அப்படியானால் எனக்குப் பைத்தியமில்லை” என்றார்.