மெடலுக்குப் பிறகும் வாழ்க்கை இருக்கிறது

‘சார்பட்டா பரம்பரை’ வந்தாலும் வந்தது, “பையன் பாக்ஸிங் கத்துக்கணும்னு நிக்கிறான், விடலாமா?” என்று கேட்கிற அம்மாக்கள் மதுரையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு டிங்கோ சிங் கதையைச் சொல்லத் தோன்றுகிறது.

மணிப்பூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவர் டிங்கோ. 10 வயதில் தேசிய சப்-ஜூனியர் சாம்பியன். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுக்கான அணியில் முதலில் அவர் பெயர் இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள்.

தாய்லாந்தில் குத்துச்சண்டை என்றால் நம்மூர் ஜல்லிக்கட்டு மாதிரி. கோயில் திருவிழாவிலேயே நடக்கும். அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை 1996-ல் வாங்கித் தந்த சோம்லக் கம்சிங்கும் குத்துச்சண்டை வீரர்தான். அப்படிப்பட்ட ஊரில், அரையிறுதியில் உள்ளூர் வீரர் சோண்டயா வாங்பிரேட்ஸையும், இறுதியில் உஸ்பெகிஸ்தானின் திமுர் துல்யாகோவையும் வீழ்த்தித் தங்கம் வென்றார் டிங்கோ. வயது 19. குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு 16 வருடங்களுக்குப் பிறகு கிடைத்த ஆசியத் தங்கம் அது. அதைப் பார்த்து கையில் கிளவுஸ் மாட்டியவர்களில் மேரி கோமும் ஒருவர். (அதே பாங்காக்கில் 1994 உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றவர் நம் சென்னை தேவராஜன்!)

அர்ஜுனா, பத்மஸ்ரீ, கடற்படை வேலை எல்லாம் டிங்கோவுக்குக் கிடைத்தன. ஆனால் 2017-ல் கல்லீரல் புற்றுநோய் வந்தபோது, சிகிச்சைக்காக வீட்டையே விற்க வேண்டியிருந்ததாகச் செய்திகள் வந்தன. 2021 ஜூன் 10-ல் இறந்தார். வயது 42தான்.

அமெச்சூர் குத்துச்சண்டை பெரும்பாலும் பணத்துக்காக ஆடுவதல்ல. மெடல்தான் கூலி; அந்த மெடல் வாங்கித் தரும் வேலைதான் சோறு. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழ்கள் இருந்தால்தான் அது கைக்கு வரும்.

ஆகவே, தாராளமாக விடுங்கள். பெண் பிள்ளை கேட்டாலும் விடுங்கள். சேர்க்கும் முன் பயிற்சியாளரிடம் ஹெட்கார்டு, பல் கார்டு உண்டா, போட்டியில் டாக்டர் இருப்பாரா என்று கேளுங்கள். சான்றிதழ்களை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். படிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் எடுத்துவிடுங்கள்.

ரிங்குக்குள் பிள்ளை தன்னைக் காத்துக்கொள்வான். வெளியே அவனைக் காக்க வேண்டியது நாம்தான்.