விரத நாளில் இன்சுலின் ஊசியை விட்டுவிடலாமா?

"இன்னிக்கு விரதம், சாப்பாடே இல்லை. அப்புறம் ஊசி எதுக்கு?" சர்க்கரை நோயாளி இருக்கும் பல வீடுகளில் கேட்கிற கேள்விதான். இதற்கான பதில், உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பது எந்த இன்சுலின் என்பதைப் பொறுத்தது.

ராத்திரியிலும் வேலை உண்டு

ஆரோக்கியமான கணையம் இரண்டு விதமாக இன்சுலினைச் சுரக்கும். சாப்பிட்டதும் மொத்தமாகக் கொஞ்சம். மற்ற நேரங்களில், தூங்கும்போதுகூட, சிறுகச் சிறுக. சாப்பிடாதபோது எதற்கு இன்சுலின்? நாம் பட்டினி கிடந்தாலும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கட்டுக்குள் வைக்கத்தான். இந்த இரண்டாவது வேலையைச் செய்வதுதான் நீண்ட நேரம் செயல்படும் இன்சுலின்.

முன்பு இதற்கு என்.பி.ஹெச் இன்சுலினைத்தான் நம்ப வேண்டியிருந்தது. இரவில் போட்டால் சில மணி நேரத்தில் அதன் வேகம் உச்சத்துக்குப் போகும். நடுராத்திரியில் சர்க்கரை தாழ்ந்துவிடும் ஆபத்து அதிகம். 2000-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிளார்ஜின் இந்தச் சிக்கலைக் குறைத்தது. தோலுக்கு அடியில் போனதும் நுண்ணிய துகள்களாகப் படிந்து, மெல்லக் கரைந்து, சுமார் 24 மணி நேரம் வேலை செய்யும். அதன் பிறகு வந்த டெக்லுடெக் 42 மணி நேரம் வரை நீடிக்கும்.

அப்படியானால் விரத நாளில்?

டைப் 1 சர்க்கரை நோயாளிகள் இந்த இன்சுலினை எந்த நாளும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல், வாந்தி என்று சாப்பிட முடியாத நாளுக்கும் இது பொருந்தும். டைப் 2 உள்ளவர்களுக்கு விரதத்தின்போது டாக்டர் அளவைக் குறைத்துக் கொடுக்கலாம். நீங்களாக விட்டுவிட வேண்டாம்.

சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலினும், இரண்டும் கலந்த 'மிக்ஸ்டு' இன்சுலினும் வேறு கதை. அவற்றைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தடாலடியாகக் குறைந்துவிடும்.

அளவை முடிவு செய்வது எது?

காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை அளவுதான். டைப் 2 நோயாளிகளுக்குப் பொதுவாக 10 யூனிட்டில் ஆரம்பித்து, சில நாள்களுக்கு ஒருமுறை 2 யூனிட் வீதம் டாக்டர்கள் கூட்டுவார்கள். கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு, 'இன்னிக்கு ரெண்டு யூனிட் சேர்த்துப் போடுவோம்' என்பது தவறு. சாப்பாட்டால் ஏறிய சர்க்கரையை உடனே இறக்குவது இதன் வேலையல்ல. அந்தக் கூடுதல் அளவு அதிகாலையில்கூட சர்க்கரையைத் தாழ்த்திவிடலாம்.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு இருந்து, சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு இழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சிரிஞ்சில் கவனம்

நம் ஊரில் 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு பலத்தில் இன்சுலின் பாட்டில்கள் கிடைக்கின்றன. நீண்ட நேர இன்சுலின் பெரும்பாலும் 100 யூனிட் வகை. அதை 40 யூனிட் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால், உடம்புக்குள் போவது 25 யூனிட்! பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

கிளார்ஜினும் வேகமான இன்சுலினும் பார்க்கத் தண்ணீர் மாதிரி ஒரே போலத்தான் இருக்கும். அதனால் பெட்டியின் மேல் 'சாப்பாட்டு ஊசி', 'தினசரி ஊசி' என்று பெரிதாக எழுதி வையுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, "சாப்பிடாத நாளில் எதைப் போடணும், எவ்வளவு போடணும்?" என்று கேட்டு, அதையும் அந்தப் பெட்டியிலேயே எழுதிவிடுங்கள்.