பன்னிரண்டு பேரிங் எதற்கு?



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஓர் ஓட்டெடுப்பு நடந்தது. பெருங்களத்தூர் தம்பி ஒருவர் தூண்டில் போட பெய்ட்காஸ்டர் ரீல் வாங்கப் போகிறார். இரண்டு ரீல்களின் படத்தைப் போட்டு, எதை வாங்கலாம் என்று கேட்டார். முதலாவது 6.3:1, 5+1 பேரிங், பக்கவாட்டில் காந்த பிரேக் திருகு. இரண்டாவது 8.1:1, 12+1 பேரிங், உள்ளே மையவிலக்கு பிரேக், டிராக் 10 கிலோ, விலை இரண்டு மடங்குக்கும் மேல். 41 பேர் ஓட்டுப் போட்டீர்கள். அதில் 36 பேர் இரண்டாவதற்கு. காரணம் எழுதியவர்கள் நாலே பேர், நாலு பேரும் எழுதிய காரணம் ஒன்றே: 12 பெரியது, 5 சின்னது, 8 பெரியது, 6 சின்னது. ஒன்றாம் வகுப்பில் "எது பெரிய எண்?" என்று நான் கேட்டபோதெல்லாம் இவ்வளவு ஒற்றுமையாகப் பதில் வந்ததில்லை.

என் மைத்துனர் மகன் ஒரு படி மேலே போய், "வாங்கறதுன்னா பெஸ்ட்டா வாங்குங்க, இ.எம்.ஐ. இருக்குல்ல" என்று எழுதியிருந்தான். அவனுக்காகவே இந்தப் பதிவு கொஞ்சம் நீளம்.

தூண்டில் பக்கமே போகாத உறவினர்களுக்கு ஒரு விளக்கம். சாதாரண ஸ்பின்னிங் ரீலில் நூல் சுற்றிய உருளை அசையாது. எறியும்போது நூல் அதன் விளிம்பைத் தாண்டி உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டரில் அந்த உருளையே சுழன்று நூலை விட வேண்டும். அதனால் குறி பார்த்துப் போடலாம், கனமான நூல் தாங்கும், கட்டைவிரலை உருளைமேல் வைத்து நினைத்த இடத்தில் இரையை நிறுத்தலாம். தொல்லையும் அதே இடத்தில்தான். காற்றில் போகும் இரை வேகம் குறைகிறது, உருளை குறையாமல் சுற்றுகிறது. பேருந்து பிரேக் போட்டதும் நாம் முன்னால் சாய்கிறோமே, அதே நிலைமம். போக இடமில்லாத நூல் உருளைக்குள்ளேயே சுருண்டு குருவிக்கூடு கட்டிவிடும். பிரித்தெடுக்க அரை மணி நேரம். பிரிக்க முடியாமல் கத்தரியால் வெட்டியவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் 12 பேரிங்குக்கு வருகிறேன். பேரிங்கின் வேலை உராய்வைக் குறைப்பது. எறியும்போது சுழல்வது உருளை. அதைத் தாங்கும் பேரிங்குகள் நன்றாக இருந்தால் போதும், அவை இரண்டோ மூன்றோதான். மற்றவை கைப்பிடிக் குமிழிலும் பல்சக்கரத் தண்டிலும் உட்கார்ந்திருக்கும். குமிழ் இரண்டு, குமிழுக்கு இரண்டு பேரிங் என்று போட்டால் எண்ணிக்கையில் நாலு ஏறிவிடும், எறியும் தூரம் ஓர் அங்குலம்கூட ஏறாது. கூட்டல் குறிக்குப் பின்னால் இருக்கும் அந்த 1, கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கும் உருளை பேரிங். இன்னொன்றையும் யோசியுங்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு உருளை எவ்வளவு வழுக்கிக்கொண்டு சுற்றுகிறதோ அவ்வளவு சீக்கிரம் குருவிக்கூடு. கோவளம், முட்டுக்காடு பக்கம் உப்புத் தண்ணீரில் போடுகிறவருக்கு 12 பேரிங் என்றால் துருப்பிடிக்க 12 இடம்.

பிரேக் விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ளப் போவதில்லை. எட்டாம் வகுப்பில் ஓர் அலுமினியக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டுக் காட்டுவேன், நினைவிருக்கிறதா? அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனாலும் குழாய்க்குள் காந்தம் மிதந்து மிதந்து இறங்கும். "சார், மந்திரமா?" என்று கேட்டவர்கள் இன்று பொறியாளர்கள். காந்த பிரேக் அதே சங்கதிதான். அலுமினிய உருளை காந்தத்தின் முன் சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, சுழற்சியையே எதிர்க்கிறது. எங்கும் உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. வெளியே உள்ள திருகைத் திருப்பினால் பிரேக் கூடும், குறையும். மையவிலக்கு பிரேக்கில் சின்னச் சின்னக் கட்டைகள் உருளை சுற்றும் வேகத்தில் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். வேகம் உச்சத்தில் இருக்கும் தொடக்கத்தில் கெட்டியாகப் பிடிக்கும், வேகம் குறைந்ததும் விட்டுவிடும். எறிதலின் கடைசியில் பிரேக் தளர்ந்திருப்பதால் கைதேர்ந்தவர் இதில் கூடுதல் தூரம் போடுவார், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசி நொடியைக் கட்டைவிரல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பல ரீல்களில் இந்தக் கட்டைகளை மாற்றியமைக்கப் பக்கத் தகட்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். முட்டுக்காட்டில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும். எதிர்காற்றில் எறிந்தால் இரை சட்டென்று வேகம் இழக்கும், குருவிக்கூடு நிச்சயம். காந்தத் திருகு இருந்தால் இரண்டு எண் கூட்டிவிட்டு அடுத்த எறிதலைப் போடலாம். காற்றில் நின்றுகொண்டு தகட்டைக் கழற்றிக் கடுகளவுக் கட்டையை மண்ணில் தொலைப்பதற்காகவா இரண்டு மடங்கு விலை? உருளை சுற்றும்போதே மின்சாரம் உண்டாக்கி, அதை வைத்துச் சின்ன சிப் ஒன்று பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஜப்பான் ரீல்களும் இருக்கின்றன. அற்புதமான பொறியியல், கையெடுத்துக் கும்பிடலாம். ஒரு கிலோ விராலுக்காக வாங்கலாமா என்பது வேறு கேள்வி.

அடுத்து 8.1:1. கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை 8.1 சுற்று, அவ்வளவுதான் அதன் பொருள். எத்தனை சென்டிமீட்டர் நூல் உள்ளே வருகிறது என்று அந்த எண் சொல்லாது. வட்டத்தின் சுற்றளவை மறந்துவிட்டீர்களா? நூல் நிரம்பிய உருளையின் விட்டம் 3.2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 10 செ.மீ.க்குச் சற்று மேல். 6.3 ரீல் ஒரு சுற்றுக்கு 63 செ.மீ. இழுக்கும், 8.1 ரீல் 81 செ.மீ. இழுக்கும். கடையில் கொடுத்த நூல் போதாமல் விட்டம் 2.5 செ.மீ.யில் நின்றுவிட்டால், அதே 8.1 ரீலும் 63 செ.மீ.தான் இழுக்கும். அதாவது குறைவாக நூல் சுற்றிய விலை உயர்ந்த ரீலும், நிறைய நூல் சுற்றிய மலிவு ரீலும் ஒன்று. உருளையை ஒழுங்காக நிரப்புவதற்கு ஆகும் செலவு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்.

வேக ரீலுக்கு ஆதரவாக ஒரு நியாயமான வாதம் உண்டு. பாசிமேல் ரப்பர் தவளையை விரால் அடிக்கும்போது நூல் தொய்ந்திருக்கும், அந்தத் தொய்வை வேகமாக எடுக்க வேண்டும் என்பார்கள். உண்மை. ஆனால் ஒரு சுற்றுக்கு 18 செ.மீ. வித்தியாசம் என்பது நம் கையில் இன்னொரு அரைச் சுற்றுகூட இல்லை. அடித்த விரால் நேரே ஆகாயத்தாமரைக்குள் புகுந்துகொள்ளும். மீனோடு இரண்டு கிலோ கொடியும் சேர்ந்துதான் வரும். அப்போது வேண்டியது இழுவிசை. தாம்பரம் மேம்பாலத்தில் சைக்கிளை ஏற்றும்போது எந்த கியரில் மிதிப்பீர்கள்? வேக கியரிலா?

10 கிலோ டிராக் பற்றி இரண்டே வரி. நூல் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோதான் டிராக் வைக்க வேண்டும். 30 பவுண்டு பிரெய்டு நூல் 13.6 கிலோ தாங்கும் என்றால் டிராக் சுமார் மூன்றரைக் கிலோ. மீதி ஆறரைக் கிலோவைப் பெட்டியில் படித்து ரசிக்கலாம்.

இந்த எண் மோகம் எங்கிருந்து வருகிறது என்றால், வீடியோக்களிலிருந்து. அந்த வீடியோக்களில் வரும் மீன் பாஸ், லார்ஜ்மவுத் பாஸ். 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒருவர் பிடித்த 10 கிலோ பாஸ்தான் உலக சாதனை. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் இன்னொருவர் அதைச் சமன் செய்தார். அந்த மீனைச் சுற்றி அங்கே போட்டி, பரிசு, படகு என்று பெரிய வியாபாரமே நடக்கிறது. பீர்க்கன்காரணை ஏரியிலும் மாடம்பாக்கம் ஏரியிலும் அந்த மீன் கிடையாது. நமக்கு விரால், உவர்நீரில் கொடுவா. கொடுவாவுக்கு ஆங்கிலத்தில் ஏசியன் சீபாஸ் என்று பெயர் இருப்பதால் இரண்டும் ஒரே சாதி என்று நினைக்காதீர்கள், பெயரில் மட்டும்தான் சொந்தம். விராலும் பாஸும் கொடிக்குள் பதுங்கி மேல்மட்ட இரையை அடிப்பவை, அதனால் அங்கே செய்த ரீல் இங்கேயும் உதவுகிறது. அதற்காக அங்கே சொல்லும் எல்லா எண்ணும் இங்கே பொருந்தாது. 10 கிராமுக்கு மேற்பட்ட தவளையும் இரும்பு மீனும் எறிய பெய்ட்காஸ்டர் சரி. ஐந்து கிராம் இரைக்கு ஸ்பின்னிங் ரீலே மேல். ஜிலேபிக்கு மண்புழு கோத்துப் போட மூங்கில் கழி, தக்கை, ஒரு முள். அதற்கு ரீல் கேட்பவரை நான் மாணவராகவே ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு சின்ன இடைச்செருகல். இந்த வகை ரீல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் கடிகாரம் செய்பவர்கள் கையில் பிறந்தது. ஸ்வீடனின் ஆபு கம்பெனியும் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கி, பிறகு டாக்சி மீட்டர் செய்து, அப்புறம்தான் ரீலுக்கு வந்தது. 1950களில் அவர்கள் கொண்டுவந்த புகழ்பெற்ற ரீலின் பெயர் அம்பாசடர். நம் காரும் அதே காலம்தான்! சொல்ல வந்தது இதுதான்: இது கடிகாரத்தின் தம்பி. மணலில் வைக்காதீர்கள். உப்புத் தண்ணீருக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். 5 பேரிங் ரீலை இப்படிப் பார்த்துக்கொண்டால் அது 12 பேரிங் ரீலைவிட நாள்பட உழைக்கும்.

இனி எனக்குக் கோபம் வந்த இடம். ஓட்டெடுப்பின் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "குஞ்சுக் கூட்டம் தெரிஞ்சா அதுமேலயே தவளையைப் போடுங்க, தாய் விரால் கட்டாயம் அடிக்கும். திரும்பத் திரும்ப வேகமா போடணும், அதுக்கு 8.1தான்." அதற்கு 14 கட்டைவிரல் வேறு.

விரால் காற்றைக் குடிக்கும் மீன். குஞ்சுகளும் மூச்சுக்காக மேலே வந்து வந்து போகும். அதனால்தான் மழைக்காலத்தில் ஏரி ஓரத்தில் செக்கச்செவேலென்று ஒரு கொத்து கொப்பளிப்பது தெரிகிறது. அதற்குக் கீழேயே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். தவளையை அது அடிப்பது பசியால் அல்ல, பிள்ளைகளுக்கு ஆபத்து என்று. அதைத் தூக்கிவிட்டால் அந்த நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஜிலேபியும் கெளுத்தியும் அன்றைக்கே முடித்துவிடும். கழிவுநீர், குப்பை, ஆக்கிரமிப்பு, தடை செய்த பிறகும் ஒழியாத ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று நம் ஏரிகளில் விராலுக்கு ஏற்கெனவே எதிரிகள் போதாதா? முட்டுக்காட்டில் ஆய்வுப் பண்ணை வைத்திருக்கும் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார், கொடுவாவை அடைத்து வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்க 1997 வரை உழைத்தார்கள். ஏரி விரால் அதே வேலையைச் சும்மா செய்கிறது, நாம் அதை விட்டால் போதும். கொடுவாவிலும் ஒன்று கவனியுங்கள். அது ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரியதாகக் கிடைப்பது பெரும்பாலும் முட்டையிடும் பெண். படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுங்கள்.

குஞ்சுமேல் தவளை போடத்தான் வேக ரீல் வேண்டும் என்றால் அந்த ரீலே வேண்டாம். அந்த 14 பேரும் என்னிடம் படித்தவர்கள் என்பதால் உரிமையோடு சொல்கிறேன், கட்டைவிரலை எடுத்துவிடுங்கள்.

ஏரியில் மீன் குத்தகை இருந்தால் குத்தகைக்காரரைக் கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பக்கம் கழியோடு போகவே போகாதீர்கள், அது காப்புக்காடு. 2022இலிருந்து ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது.

தம்பிக்கு என் பதில்: முதலாவது ரீல். பணம் கட்டும் முன் ஒன்றைப் பாருங்கள். ஸ்பின்னிங் ரீலைப் போல இதில் கைப்பிடியை மறுபக்கம் மாற்ற முடியாது. "இடக்கை" என்று போட்டிருந்தால் இடது கையால் சுற்றும் ரீல் என்று பொருள், இடக்கைக்காரருக்கான ரீல் என்று அல்ல. நீங்கள் வலது கையால் எறிந்து இடது கையால் சுற்றுகிறவர், அதனால் இடக்கைதான் உங்களுக்கு. மிச்சப்படும் பணத்தில் நல்ல பிரெய்டு நூல் வாங்குங்கள். வழவழப்பான உருளையில் பிரெய்டு நேரே சுற்றினால் வழுக்கும், அடியில் சில மீட்டர் சாதா நரம்பு சுற்றி அதன்மேல் சுற்றுங்கள். கொடுவாவுக்குப் போகும்போது முனையில் தடித்த நரம்பு ஒரு முழம் கட்டுங்கள், அதன் செவுள் மூடி பிளேடு மாதிரி அறுக்கும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு சேலையூர் மைதானத்துக்கு ரீலோடு வாருங்கள். முள் இல்லாத 12 கிராம் ஈயக்குண்டு நான் கொண்டு வருகிறேன். காந்தத் திருகை முழுக்கக் கூட்டி வைத்து, சைக்கிள் டயர் ஒன்றைத் தரையில் போட்டு அதற்குள் விழவைக்கப் பழகலாம். மைத்துனர் மகனும் வரலாம், அவன் இ.எம்.ஐ. ரீலையும் எடுத்துக்கொண்டு.