எடையும் ஓர் அமானிதமே



பவானியிலிருந்து உம்ராவுக்குப் புறப்படும் வீடுகளில், பயணத்திற்கு முந்தைய இரவு பெரும்பாலும் ஒரே காட்சிதான். கூடத்தின் நடுவே பெட்டிகள் திறந்து கிடக்கும். அங்கே இருக்கும் உறவினருக்கென வாங்கிய ஜமக்காளம், ஈரோட்டு மஞ்சள்தூள், ஊறுகாய் என எல்லாவற்றையும் அடுக்கித் தராசில் மாட்டினால், அனுமதித்த எடையை முள் தாண்டி நிற்கும். உடனே யாரேனும் ஒருவர் வழி சொல்வார்: “கைப்பையில் திணித்துவிடுங்கள், அதை யாரும் நிறுக்க மாட்டார்கள். அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.”

கடைசியாகச் சொன்ன வார்த்தை ஈமானின் வார்த்தை. அதைச் சொன்ன இடம் சரிதானா என்பதே என் கேள்வி.

பறக்கும் விமானத்தின்மீது நான்கு விசைகள் செயல்படுகின்றன. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. இறக்கைகள் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுவதால் எழும் தூக்குவிசை அதை மேலே தாங்குகிறது. எஞ்சினின் உந்துவிசை முன்னே செலுத்த, காற்றின் தடை பின்னே இழுக்கிறது. இந்நான்கும் சமன்பட்டிருக்கும் வரையில் விமானம் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் செல்கிறது.

“அப்படியானால் விமானத்தைத் தாங்குவது அல்லாஹ்வா, இயற்பியலா?” என்று பயான் முடிந்த பிறகு இளைஞர்கள் கேட்பதுண்டு. இது தவறாக அமைந்த கேள்வி. வானில் சிறகு விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளை உற்று நோக்குமாறு அல்முல்க் அத்தியாயம் நம்மை அழைக்கிறது. அவற்றைத் தாங்குபவன் அளவற்ற அருளாளனே என்றும் உணர்த்துகிறது. அவன் தாங்கும் முறைமையை ஆராய்ந்து மனிதன் எழுதி வைத்த குறிப்புகளே இயற்பியல். ஆகவே அவ்விதிகளை அறிவது ஈமானைக் குறைப்பதில்லை. அவற்றை அலட்சியம் செய்வது தவக்குலும் ஆகாது.

அவ்விதிகள் எவருக்கும் விலக்கு அளிப்பதில்லை. 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம் கோழிக்கோட்டில் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் விழுந்தது. 21 பேர் இறந்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த குடும்பங்கள் அதில் இருந்தன. “விதி” என்று சொல்லி நாம் கண்ணீர் வடித்தோம். கத்ரை நம்புவது நம் கடமையே. எனினும் விசாரணை வேறொன்றையும் கண்டறிந்தது. மழையில் நனைந்திருந்த மேட்டு ஓடுபாதையில், பின்னாலிருந்து காற்று தள்ள, விமானம் ஏறத்தாழ ஓடுபாதையின் நடுப்பகுதியில்தான் தரையைத் தொட்டது. பின்காற்று தரைவேகத்தைக் கூட்டும். வேகம் இரட்டித்தால் நிறுத்துவதற்கு அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். அந்த ஆற்றலை அடக்க எஞ்சியிருந்த நீளம் போதவில்லை.

இப்போது நம் கைப்பைக்கு வருவோம். எடை கூடினால் கூடுதல் தூக்குவிசை வேண்டும். அதற்குக் கூடுதல் வேகம் வேண்டும். அந்த வேகத்தை எட்ட ஓடுபாதையில் கூடுதல் தொலைவு வேண்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவை விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமானது. சித்திரை வெயிலில் காற்று சூடாகி அடர்த்தி குறையும்போது, அதே சுமையைத் தூக்க இன்னும் நெடுந்தொலைவு ஓட வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் விமானி புறப்படும் முன்பே கணக்கிடுகிறார். ஆனால் பொதுவாகப் பயணிகளை ஒவ்வொருவராக நிறுப்பதில்லை. கைப்பையையும் சேர்த்து ஒரு சராசரி எடையை வைத்தே கணக்கு போடப்படுகிறது. 180 பேர் ஆளுக்கு 5 கிலோவை ஒளித்துக்கொண்டு ஏறினால் 900 கிலோ. கணக்கில் வராத பன்னிரண்டு பேர் ஏறியதற்கு அது சமம்.

“இதனால் விமானம் விழுந்துவிடுமா?” என்று கேட்கலாம். பெரும்பாலும் விழாது. கணக்கிடுவோர் பாதுகாப்புக்கென ஒரு மிச்சத்தை விட்டுவைக்கிறார்கள். அந்த மிச்சம் மழைக்காகவும் காற்றுக்காகவும், ஓர் எஞ்சின் பழுதாகும் வேளைக்காகவும் வைக்கப்பட்டது. நம் ஊறுகாய்க்காக வைக்கப்பட்டதன்று. பிறர் உயிருக்கென ஒதுக்கியதை நாம் கேட்காமல் எடுத்துக்கொள்கிறோம்.

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் புறப்பட்ட ஒரு சிறிய விமானம் உடனேயே விழுந்து, அதிலிருந்த 21 பேரும் இறந்தனர். வாலுப்பகுதியைக் கட்டுப்படுத்தும் கம்பிகளைச் சீரமைத்ததில் தவறு இருந்தது. அதோடு விமானத்தின் ஈர்ப்பு மையமும் எல்லை மீறிப் பின்னே சென்றிருந்தது. கணக்கிட்ட சராசரி எடையைவிட உண்மையான எடை அதிகம். அதன்பின் அந்நாட்டில் சராசரி எடைகள் திருத்தப்பட்டன. அங்கே பயணிகள் எவரையும் ஏமாற்றவில்லை. ஆயினும் தாளில் எழுதிய எடை ஒன்றாகவும், விமானம் சுமந்த எடை வேறாகவும் இருந்தன.

அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டிக்கவே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் உண்டு. ஷுஐப் (அலை) அவர்களின் சமூகத்தார் இக்குற்றத்திற்காகவும் எச்சரிக்கப்பட்டார்கள். மஞ்சள் மண்டியில் ஒரு கிலோ குறைந்தாலும் விடாமல் கேட்கும் நாம், விமான நிலையத்தில் மட்டும் தராசை ஏமாற்றுவதைச் சாமர்த்தியம் என்று எப்படிச் சொல்கிறோம்? பயணச்சீட்டு ஓர் ஒப்பந்தம். அதன் நிபந்தனை அமானிதம். அதுவும் உம்ராவுக்குச் செல்லும் வழியில்! திரும்பும்போது அனுமதிக்கு மேல் துணிகளுக்கிடையே செருகிவரும் ஜம்ஜம் நீருக்கும் இதே கணக்குதான். ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒரு கிலோ. நீரின் பரக்கத் அதன் எடையைக் குறைத்துவிடாது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் அறிவோம். விமானப் பயணத்தில் ஒட்டகத்தைக் கட்டுவது எளிய வேலை. பெட்டியோடு கைப்பையையும் வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். மிகுதியானால் கட்டணம் செலுத்துங்கள், அல்லது பொருளை எடுத்து வையுங்கள். அருகில் நிற்கும் பிள்ளைகளுக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். அறிவியலும் அமானிதமும் ஒரே பாடத்தில் அவர்களுக்குப் புரியும். அதன்பின் இருக்கையில் அமர்ந்து பயண துஆவை ஓதுங்கள். “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று சொல்ல அதுவே பொருத்தமான இடம்.

நிறுவையில் நேர்மையானவர்களாக நம்மை ஆக்கி, நம் பயணங்களை வல்ல அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.